அளவு அக்காவும் வால் உறையும்

எலியின் பின்னங்காலைப் பிடித்துத் தண்ணீரில் முக்குவதற்கென்றே ஒரு கை படைக்கப்பட்டது என்றால், அது அளவு அக்காவின் வலது கைதான். இதை முதலில் சொன்னது அக்காவேதான். பிறகு பேராசிரியர் சொன்னார், பிறகு கூண்டு கழுவுகிறவர் சொன்னார். அதற்கப்புறம் முதலில் சொன்னது யார் என்பது எல்லோருக்கும் மறந்துபோய், அந்த ஆய்வுக்கூடத்தில் அது பச்சை உண்மையாகிவிட்டது. பெருமை வேறு எப்படித்தான் வளரும்?

அது வீக்கத்துக்கு மருந்து தேடுகிற ஆய்வுக்கூடம். வீக்கத்தை அடக்க வேண்டுமானால் முதலில் வீக்கம் வேண்டுமே! அதற்காகக் கடற்பாசியிலிருந்து எடுத்த கொழகொழப்பான கரைசல் ஒன்றை எலியின் உள்ளங்காலில் ஊசியால் ஏற்றுவார்கள். மத்தியானத்துக்குள் பாதம் பன்னு மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். எவ்வளவு உப்பியது என்று கண்ணால் பார்த்துச் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் கணுக்காலைச் சுற்றிப் பேனாவால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரைக்கும் காலைக் கண்ணாடிக் குழாய்த் தண்ணீரில் முக்க வேண்டும். பாதம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் ஏறும். பக்கத்தில் ஒரு சின்னத் திரையில் எண் ஓடும். தளும்பல் அடங்கியதும் தரையிலுள்ள மிதியைக் காலால் அழுத்தினால் எண் அப்படியே நிற்கும். இவ்வளவுதான் வேலை. இதில் என்ன பிரமாதம் என்று கேட்கிறவர்கள் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். எலி நெளியும், கடிக்கும், குழாய்க்குள்ளேயே மூத்திரம் பெய்யும். கோட்டுக்கு மயிரிழை கீழே நிறுத்தினால் வீக்கம் குறைந்ததாகக் காட்டும், மயிரிழை மேலே போனால் கூடியதாகக் காட்டும்.

ஆள் மாறினால் ஆழம் மாறும். ஆகவே அளப்பது எப்போதும் ஒரே கையாக இருக்க வேண்டும் என்பது அந்த வேலையின் சட்டம். அக்கா இந்தச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். காய்ச்சல் வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவார். சொந்தக்காரர் கல்யாணத்துக்குச் சாப்பாடு முடிந்த பிறகுதான் போய்ச் சேருவார். "நான் லீவு போட்டா வீக்கம் யாருக்காகக் காத்திருக்கும்?" என்பார். வாசலில் நுழைந்ததும் தெரிகிற சுவரில் பேராசிரியர் ஒரு படம் மாட்டியிருந்தார். ஆள் கிடையாது, கை மட்டும். கையுறை போட்ட அக்காவின் கை ஒரு வெள்ளை எலியைப் பிடித்திருக்கும். தினமும் உள்ளே வரும்போது அக்கா அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவார். யாராவது பார்த்துவிட்டால், "தூசி, தூசி" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர், வாரத்தில் பாதி நாள் வெளியூர். மீதி நாள் வீட்டில் இருக்கும்போது, "கொசு கடிச்சா சொறியக்கூட விடமாட்டா. இரு, அளந்துக்கறேன்னு வந்து நிப்பா" என்று எல்லோரிடமும் புலம்புவார். புலம்பலில் கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அக்கா அளந்து அளந்து கவலைப்பட்டது ஒரே ஓர் ஆளைப் பற்றித்தான். அது அவருடைய தம்பி. இரண்டு தெரு தள்ளித் தையல்கடை வைத்திருந்தான். கை நறுவிசு, வாய் அதைவிட நறுவிசு. இடுப்பு பெருத்துப்போய் வருகிறவர்களிடம் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்கீங்க சார், போன வருஷம் தைச்ச அதே அளவுதான்" என்பான். துணியை மட்டும் இரண்டு விரல் அகலம் கூட விட்டு வெட்டுவான். அக்காவுக்கு இதைக் கண்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"அளவுல பொய் சொல்ற வாய் விளங்குமாடா?"

"அவருக்குச் சந்தோஷம், எனக்கு வாடிக்கை. உன் எலி வந்து உன்கிட்ட சட்டை தைக்கச் சொல்லுதா என்ன?"

அந்தத் தம்பிக்குத்தான் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மடங்காது. வெந்நீரில் ஊறவைத்து, பிசைந்து, வைது, ஒரு வழியாகக் கடையைத் திறப்பான். மருத்துவமனையில் மூட்டுவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை விரலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது என்று அவன் சொன்னான். சாப்பிட்டதெல்லாம் நெஞ்சுக்கு வந்தது, ராத்திரி தூக்கம் போனது. தையல்காரனுக்கு விரல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏழாம் நம்பர் வந்தது. அது பேராசிரியர் ஏதோ ஒரு காட்டுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. முதல் ஆறு நம்பர்களும் கையை விரித்துவிட்டன. ஏழாவதும் விரித்துவிட்டால் அந்தத் தளத்தையே காலி செய்ய வேண்டியதுதான். மாடியில் இருக்கிற சர்க்கரைநோய்க்காரர்கள், அதாவது சர்க்கரைநோயை ஆராய்கிறவர்கள், கீழ்த்தளத்தை அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆனால் ஏழாம் நம்பர் கை விரிக்கவில்லை. அதைக் குடித்த எலிகளின் பாதத்தில் வீக்கம் சரசரவென்று வடிந்தது. அளந்தது யார்? அக்கா. அப்புறம் சந்தேகம் என்ன?

சந்தேகம் இருந்தது. அது ஒரு பெண். ஆராய்ச்சி மாணவி, புதிதாக வந்தவள். எதைச் சொன்னாலும் "எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். அதனால் கூண்டு கழுவுகிறவர் அவளுக்குச் சந்தேகம் என்றே பெயர் வைத்துவிட்டார். அவள் ஒருநாள் அக்கா பக்கத்தில் வந்து நின்று, எலிகளின் வாலைப் பார்த்தாள். எந்த எலிக்கு எது கொடுத்தோம் என்று குழம்பாமலிருக்க வாலில் மையால் கோடு போடுவது வழக்கம். ஒரு கோடு என்றால் வெறும் உப்புத்தண்ணீர் குடித்தது, இரண்டு கோடு என்றால் எல்லோருக்கும் தெரிந்த பழைய மருந்து, மூன்று கோடு என்றால் ஏழாம் நம்பர்.

"அக்கா, அளக்கும்போது வால் கண்ணுல படுமே. எது எந்த மருந்துன்னு தெரிஞ்சுகிட்டே அளக்கலாமா?"

அக்கா நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்த எலியே ஒடுங்கிவிட்டது. "வாலையா நான் அளக்கறேன்? காலை அளக்கறேன்மா. தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? என் கைக்குக் கண்ணு கிடையாது."

இந்த வசனம் பேராசிரியருக்கு ரொம்பப் பிடித்துப்போய், இரண்டு கூட்டங்களில் எடுத்துச் சொன்னார்.

ஒன்று மட்டும் கூண்டு கழுவுகிறவருக்குத் தெரியும், அவர் அதை வேடிக்கையாகத்தான் நினைத்தார். ஒரு கோட்டு எலியை எடுத்தால் அக்கா, "வாடா தடியா" என்பார். மூன்று கோட்டு எலி என்றால், "வாடி என் தங்கமே, உன்னை நம்பித்தான் என் தம்பி இருக்கான்" என்பார்.

தம்பியிடம் அக்கா சொல்லிவிட்டார். "அந்த மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போடு. வயித்தைக் கெடுத்துக்காதே. எங்க மருந்து மனுஷங்களுக்கு வரப்போகுது. முதல் ஆளா உன்னைச் சேர்க்கச் சொல்லி சார்கிட்ட கேட்டுட்டேன். அதுவரைக்கும் வாராவாரம் நானே அளந்து பாத்துக்கறேன்."

தம்பி மறுபேச்சுப் பேசாமல் நிறுத்திவிட்டான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா அவன் வீட்டுக்குப் போவார். அதே பேனாவால் விரலின் அடியில் கோடு போடுவார், தளும்பத் தண்ணீர் நிரப்பிய குறுகலான கண்ணாடிக் குவளையில் விரலைத் தானே பிடித்து முக்கி, வழிந்த தண்ணீரை ஊசிக்குழாயில் உறிஞ்சி அளப்பார். அளந்து முடித்ததும் முகம் மலரும். "ஏறலைடா. அப்படியே இருக்கு. நான் சொன்னேன்ல, அந்த மாத்திரை இல்லாமலே நிக்குது பார்." தம்பி கையைத் துடைத்துக்கொண்டு சிரிப்பான்.

இப்படியே கோடைக்காலம் போய் மழை வந்தது. மழையோடு ஒரு மருந்துக் கம்பெனி ஆளும் வந்தார். ஏழாம் நம்பரை வாங்கி மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாமா என்று முடிவு செய்கிற ஆள். அதிகம் பேசாதவர். வாசலில் இருந்த கை படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்தது.

"இந்தக் கைதான் சார் எங்களுக்கு எல்லாம். ஏழாம் நம்பர்ல ஒரு அளவுகூட வேற யாரும் எடுக்கலை."

"நல்லது. அளக்கறப்போ எந்த எலிக்கு எந்த மருந்துன்னு இவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம எப்படி சார்!" என்றார் பேராசிரியர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "இந்தக் கூடத்துல இவங்களுக்குத் தெரியாதது ஒண்ணுமே கிடையாது."

கம்பெனி ஆள் பையை மூடினார். வால் தெரியாமல் மறைத்துவிட்டு ஒரு தடவை அளந்து அனுப்புங்கள், பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேராசிரியருக்கு அவமானமாகிவிட்டது. அக்காவுக்கோ உடம்பெல்லாம் எரிந்தது. "என் கையைச் சந்தேகப்பட வந்துட்டார் பாருங்க! மறைக்கட்டும் சார். வாலை என்ன, முழு எலியையும் மறைக்கட்டும். காலை மட்டும் நீட்டட்டும். அளந்து காட்டறேன்."

மறைப்பது எப்படி என்று யோசித்தார்கள். காகிதம் சுற்றினால் எலி கிழித்துவிடும், பிளாஸ்திரி ஒட்டினால் பிய்க்கும்போது வலிக்கும். துணியில் சின்ன உறை தைத்துப் போட்டால் என்ன என்று சந்தேகம் கேட்டாள். தையலுக்கு ஆள் தேடி வேறெங்கே போவது? அக்கா தம்பி கடைக்குப் போனார்.

"எலி வாலுக்கு உறையா?" தம்பி வாய்விட்டுச் சிரித்தான். "சட்டை தைச்சிருக்கேன், திரைச்சீலை தைச்சிருக்கேன், நாய்க்குக் கோட்டுகூடத் தைச்சிருக்கேன். வாலுக்கு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை. பட்டன் வைக்கணுமா, நாடா போதுமா?"

"விளையாடாதேடா. இது உன் மருந்துக்கான பரீட்சை. இது முடிஞ்சா அடுத்தது நீதான்."

தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்ப நல்லாவே தைக்கறேன்" என்றான். மறுநாளே தருகிறேன் என்றவன் அந்த வாரம் முழுக்க இழுத்தடித்தான். கடைசியில் ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். அக்கா ஒன்றை எடுத்துப் பார்த்தார். தையல் பாம்பு போன பாதையாக வளைந்து நெளிந்து கிடந்தது. "என்னடா இது, கண்ணை மூடிக்கிட்டுத் தைச்சியா?" என்று திட்டினார். "சின்னத் துணி அக்கா, ஊசிக்குக் கீழ நிக்க மாட்டேங்குது" என்றான். சரி, எலிக்கென்ன தெரியப்போகிறது என்று அக்காவும் விட்டுவிட்டார்.

பரீட்சை நாளன்று பக்கத்து அறையில் வைத்துச் சந்தேகம்தான் மருந்து கொடுத்தாள். அவளே வாலுக்கு உறை மாட்டி, வரிசையைக் கலைத்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வழியாக நீட்டினாள். எல்லா எலிகளும் ஒரே மாதிரி நீலத்துணி வாலோடு வந்தன. கூண்டு கழுவுகிறவர் சிரித்துச் சிரித்துத் துடைப்பத்தைக் கீழே போட்டார். அக்கா சிரிக்கவில்லை. கையில் எலி வந்ததும் முதல் தடவையாக அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தடியனா தங்கமா? "வா" என்று மட்டும் சொன்னார். முக்கினார், மிதியை அழுத்தினார், அடுத்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக வேலை முடிந்ததே இல்லை.

சாயங்காலம் பேராசிரியர் அறையில் சந்தேகம் கணினியைத் திருப்பிக் காட்டினாள். பழைய மருந்து குடித்த எலிகளுக்கு வீக்கம் நன்றாகக் குறைந்திருந்தது. அதாவது அளவில் கோளாறு இல்லை, குழாயில் கோளாறு இல்லை, கையிலும் கோளாறு இல்லை. ஏழாம் நம்பர் குடித்ததும் உப்புத்தண்ணீர் குடித்ததும் மட்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றன. ஏழாம் நம்பர் வெறும் தண்ணீர்.

உடனே பேராசிரியரின் மூளை வேலை செய்தது. அதற்குத்தானே அவருக்குச் சம்பளம்.

"உறை! உறைதான் காரணம். வாலை மூடினா எலிக்கு எவ்வளவு மன உளைச்சல் இருக்கும், யோசிச்சுப் பாருங்க. மன உளைச்சல்ல வீக்கம் வடியுமா?"

"பழைய மருந்து குடிச்ச எலிக்கும் உறை இருந்ததே சார். அதுக்கு வடிஞ்சிருக்கே" என்றாள் சந்தேகம்.

"அதுக்குப் பழகின மருந்து. பழகின மருந்து மன உளைச்சலைத் தாங்கும். எழுதிக்கோம்மா: வால் உறையால் ஏற்பட்ட இடையூறு. அடுத்த வாரம் உறை இல்லாம, வழக்கம்போல அக்கா கையால அளந்து அனுப்புவோம்."

அக்கா இந்தச் சப்பைக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உறைதான், உறையேதான்! தையலும் கோணல், வாலை இறுக்கியிருக்கும். ராத்திரியெல்லாம் தம்பியின் தையலைத் திட்டிக்கொண்டே படுத்திருந்தார்.

மறுநாள் காலையில் பாதங்களில் வீக்கம் இன்னும் மிச்சமிருந்தது. அக்கா சந்தேகத்தை அழைத்தார். "வா இங்க. ஒரு மூணு கோட்டை எடு. உறையோட ஒரு தடவை, உறை இல்லாம ஒரு தடவை அளக்கறேன். உறைதான் கோளாறுன்னு உன் கண்ணாலயே பாரு."

உறையோடு அளந்தார். உறையைக் கழற்றி, எலியைக் கொஞ்ச நேரம் ஆறவிட்டு, மறுபடி முக்கினார். எண் குறைந்தது. "பாத்தியா!" என்றார். பெண் எத்தனை கோடு என்று சொல்லாமல் ஓர் ஒற்றைக் கோட்டு எலியை எடுத்துக் கொடுத்தாள். அதற்கும் உறையோடு, உறை இல்லாமல். உறை இல்லாதபோது எண் ஏறியது.

அக்கா இரண்டு எண்களையும் திரும்பப் பார்த்தார். உறை இறுக்கியது என்றால் எல்லா எலிக்கும் ஒரே பக்கம்தானே போக வேண்டும்? தடியனுக்கு ஏறி, தங்கத்துக்கு இறங்குமா?

மறுபடி மூன்று கோட்டு எலியை எடுத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, இந்தத் தடவை எலியைப் பார்க்காமல் தன் மணிக்கட்டையே பார்த்தார். கணுக்காலில் போட்ட கோடு வீக்கத்தில் தடித்து, பட்டையாக இருந்தது. தண்ணீர் அந்தப் பட்டையின் கீழ் ஓரத்தைத் தொட்டதும் கை தானாக நின்றுவிட்டது. தளும்பல் கீழே இறங்குகிற நேரம் பார்த்துக் கால் மிதியை அழுத்தியது. யாரும் சொல்லவில்லை, அக்கா நினைக்கக்கூட இல்லை, அதுவாகவே நடந்தது. ஒற்றைக் கோட்டு எலியை எடுத்தார். கை பட்டையின் மேல் ஓரம் வரைக்கும் போய்த்தான் நின்றது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு மூன்று கோட்டு எலியை வேண்டுமென்றே ஆழமாக முக்கினார். எண் எங்கேயோ போய்விட்டது. திருப்பி முக்கினார், வேறு எண். எது சரியான ஆழம் என்பதே அந்தக் கைக்குத் தெரியாமல் போய்விட்டது.

"அக்கா, இது உங்க தப்பில்லை" என்றாள் அந்தப் பெண், மெதுவாக. "எல்லார் கையும் இப்படித்தான் பண்ணும். அதனாலதான் மறைச்சு அளக்கச் சொல்றாங்க."

"எல்லார் கையும் மாதிரிதானா என் கையும்?" என்று கேட்டார் அக்கா. அழுகை வந்துவிட்டது. எலியைக் கீழே விடாமல் அழுதார்.

அந்த நேரம் பேராசிரியர் உள்ளே வந்தார். "என்னம்மா, அடுத்த வாரத்துக்கு எலி எடுத்து வச்சாச்சா?"

"சார், ஏழாம் நம்பர் வேலை செய்யலை. என் கைதான் வேலை செஞ்சிருக்கு."

"சும்மா இருங்க. உங்க கை மேல எனக்கு நம்பிக்கை இருக்கு."

"அப்ப மருந்தோட என் கையையும் சேர்த்து வித்துடுங்க சார். பாட்டில் வாங்கறவங்களுக்கெல்லாம் நான் வீடு வீடாப் போய் அளந்து, குறைஞ்சிருச்சுன்னு சொல்றேன். எல்லாருக்கும் சொஸ்தமாயிடும்!"

அக்கா எலியைக் கூண்டில் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார். வீடு வீடாகப் போய் என்று தன் வாயில் வந்த சொல் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, குவளை, கோடு, ஏறலைடா. பகல் நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

கடையில் தம்பி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வெட்டும் மேசை சுத்தமாக, துணி எதுவும் இல்லாமல் கிடந்தது.

"கத்தரிக்கோலை எடு" என்றார் அக்கா, மூச்சு வாங்க.

"என்ன அக்கா இந்த நேரத்துல? முதல்ல உக்காரு, தண்ணி குடி."

"எடுடா!"

அவன் எடுத்தான். பெரிய வெட்டுக் கத்தரிக்கோல். வளையத்துக்குள் கட்டைவிரல் பாதியோடு நின்றது. இன்னொரு வளையத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும், ஒன்றுகூட நுழையவில்லை. மூட்டுகள் பளபளவென்று சிவந்திருந்தன. இது நேற்று இன்று வந்த வீக்கமில்லை. எந்தக் குவளையும் வேண்டாம், குருடனுக்குக்கூடத் தெரியும்.

"எப்பலேருந்துடா?"

"கொஞ்ச நாளாவே. துணி வெட்டறதை எதிர்க்கடைக்காரர் செஞ்சு தரார். உன் எலி உறைகூட அவர் வெட்டினதுதான். தையல் மட்டும் நான் போட்டேன், அதனாலதான் அந்த லட்சணம்."

"வலிச்சிருக்குமேடா! ஏண்டா என்கிட்ட சொல்லலை? ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்தேனே!"

"வலிக்குதுன்னுதான் தோணுச்சு. ஆனா நீ அளந்துட்டு ஏறலைன்னு சொன்னியே" என்றான் தம்பி. "நீ அளந்தா தப்பாதுன்னு ஊரே சொல்லுது. நாமதான் சும்மா பயப்படறோம்னு நினைச்சுக்கிட்டேன்."

ஏழாம் நம்பர் வெறும் தண்ணீர் என்பதையும், தன் கை செய்ததையும் அக்கா அங்கேயே நின்றபடி சொல்லி முடித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். அவன் கோபப்பட்டு அக்கா பார்த்ததே இல்லை, அன்றைக்குப் பார்த்தார். "வாடிக்கைக்காரனுக்கு நான் சொல்ற பொய் பேன்ட்டோட போயிடும் அக்கா. இது என் விரல்" என்றான். அக்கா கடையின் கதவை இழுத்துச் சாத்தினார், பூட்டை அவர்தான் பூட்டினார், அவனை ஆட்டோவில் ஏற்றினார்.

மருத்துவமனையில் வரிசை நீளமாக இருந்தது. இதற்கு முன்னால் வந்தபோதெல்லாம் அக்கா, "நாங்களும் இந்த ஆராய்ச்சியிலதான் இருக்கோம்" என்று சொல்லி முன்னால் போய் நிற்பார். இன்றைக்கு வரிசையின் கடைசியில் போய் நின்றார். முறை வந்தது. டாக்டர் இளவயதுக்காரர், களைத்துப் போயிருந்தார். தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கிப் பார்த்தார். இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை. அவர் அவற்றைத் திரும்பவும் அழுத்தியபோது தம்பி பல்லைக் கடித்துக்கொண்டான்.

"இந்த ரெண்டு மூட்டும் தேஞ்சுபோச்சு. பழைய மாதிரி வராது. மிச்ச விரலைக் காப்பாத்தலாம், மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டா. வயித்துக்கு ஒத்துக்கலைன்னா வேற மாத்திரை மாத்தித் தந்திருப்போமே, வந்து சொல்ல வேண்டியதுதானே? கோடைக்கு முன்னாடி வந்தப்போ விரல் எல்லாமே மடங்குச்சு, இங்க பதிவு இருக்கு." டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"யாரையும் கேக்கலை டாக்டர்" என்றான் தம்பி சட்டென்று. அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. "வயித்து வலி தாங்கலை. நானாத்தான் நிறுத்திட்டேன்."

"இல்லை டாக்டர்" என்றார் அக்கா. "நான்தான் நிறுத்தச் சொன்னேன்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க யாரு? இதைப் பத்தி என்ன தெரியும் உங்களுக்கு?"

"ஒண்ணும் தெரியாது. இவனுக்கு அக்கா."